நோ நாரியில், ஊசி புறங்கையில்: அக்குபங்சரில் இடத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

கேள்வி: விசுவமடு மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் வயல் செய்கிறார். இந்தக் காலபோகத்துக்கு மருந்து டாங்கியை முதுகில் சுமந்து வரம்பு வரம்பாக நடந்தவருக்கு நாரி பிடித்துக்கொண்டது. நோ நாரியில் தொடங்கி, வலது தொடையின் வெளிப்பக்கத்தால் இறங்கி, முழங்காலுக்குக் கீழேயும் வெளிப்பக்கமாகவே போய், பாதத்தின் மேற்பக்கத்தில் விறைப்பாக முடிகிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்று சொல்லிக் குளிசை தந்தார்கள். சீனி வருத்தமும் இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லி ஒரு அக்குபங்சர் வைத்தியரிடம் கூட்டிப்போனோம். முதல்நாள் அவர் நாரியைத் தொடவே இல்லை. புறங்கையில் இரண்டு ஊசி வைத்து, "இப்ப எழும்பி நடவுங்கோ, மெல்லக் குனிஞ்சு நிமிருங்கோ" என்றார். அடுத்த முறை கையை விட்டுவிட்டு நாரியில், பிட்டத்தில், முழங்காலின் பின்மடிப்பில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் வைத்தார். விறைக்கிற பாதத்தில் ஒன்றுமே வைக்கவில்லை. பக்கத்து வளவு மாமிக்கும் நாரி நோதான், அவவுக்கு வைத்தது எல்லாம் வேறு இடங்கள்.

அப்பாவுக்குச் சுகம் தெரிகிறது, அதில் குறை இல்லை. ஆனால் இடங்களை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? இதற்கு முதல் போன வேறொரு இடத்தில் "ரகசியப் புள்ளி" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள், பயந்து திரும்பி வந்துவிட்டோம். அதனால்தான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதில்: மல்லாவி ஊசி வைத்தியர்

பிள்ளை, நான் மல்லாவியில் இந்த வேலைதான் செய்கிறேன். அப்பாவைத் தொட்டுப் பார்க்காமல் அவருடைய வைத்தியத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வாசிக்க, ஊசி வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார் என்று தெரிகிறது.

நாரி நோ என்று வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது, "நோ எதால இறங்குது எண்டு ஒரு விரலால கீறிக் காட்டுங்கோ" என்பது. அந்த ஒரு கோட்டில் பாதி முடிவு வந்துவிடும். சீன வைத்தியம் உடம்பில் பதினான்கு பாதைகளைச் சொல்கிறது, மெரிடியன் என்பார்கள். காலுக்கு வருகிறவற்றில் இந்த நோவுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று சிறுநீர்ப்பைப் பாதை. கண்ணின் உள்மூலையில் தொடங்கி, தலைக்கு மேலால் போய், முள்ளந்தண்டின் இரண்டு பக்கத்தாலும் இறங்கி, பின்தொடை, முழங்கால் பின்மடிப்பு, கெண்டைக்கால் என்று வந்து சின்னிவிரலில் முடியும். மற்றது பித்தப்பைப் பாதை. அது கண்ணின் வெளிமூலையில் தொடங்கி, உடம்பின் விலாப்பக்கத்தால் இறங்கி, தொடைக்கும் காலுக்கும் வெளிப்பக்கமாகப் போய் நாலாம் விரலில் முடியும்.

உங்கள் அப்பா கீறிக் காட்டியிருந்தால் அது இரண்டாவது பாதையில் விழுந்திருக்கும். பக்கத்து வளவு மாமிக்குப் பின்தொடையால் இறங்கியிருக்கலாம், அல்லது காலுக்கு இறங்காமல் நாரியோடு நின்றிருக்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது இரண்டு நோ.

பாதை தெரிந்த பிறகு மூன்று வகையான இடம் பார்ப்போம்: நோகிற இடத்திலேயே, அதற்குக் கிட்ட, பிறகு அதே பாதையில் தூரத்தில். நாரியில் வைத்தது முதல் வகை, பிட்டத்தில் வைத்தது இரண்டாவது, முழங்காலடியில் வைத்தது மூன்றாவது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், சின்ன உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதற்குக் கொஞ்சம் முன்னாலும் கீழேயும் ஒரு குழி இருக்கும். அதுதான் ஜீ.பி. 34, பித்தப்பைப் பாதையின் முப்பத்திநாலாவது புள்ளி. முழங்கால் பின்மடிப்பின் நடுவில் இருப்பது பி.எல். 40. அது மற்றப் பாதையைச் சேர்ந்தது, ஆனாலும் நாரிக்கும் முதுகுக்கும் அங்கே தேடு என்று சீனத்தில் மாணவர்கள் காலங்காலமாகப் பாடமாக்குகிறார்கள். அந்த இடத்தில் பெரிய நாடி ஓடுகிறது. விரல் வைத்துத் துடிப்பைப் பார்த்து, அதை விலத்தித்தான் ஊசி இறங்க வேண்டும்.

புறங்கைக்கு வருவோம், நீங்கள் அதிசயப்பட்டது அதைத்தானே. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய கையெலும்புகளுக்கு இடையில் ஒன்று, மோதிரவிரலுக்கும் சின்னிவிரலுக்கும் உரியவற்றுக்கு இடையில் ஒன்று, மணிக்கட்டுக்கும் விரல்மொளிக்கும் நடுவாக. இந்த இரண்டும் பதினான்கு பாதைகளில் சேராத தனிப் புள்ளிகள். புதிதாகப் பிடித்த நாரிக்குத்தான் இவற்றை எடுப்போம். பிடிப்பு உச்சத்தில் இருக்கிறவரைக் குப்புறக் கிடத்த முடியாது, கிடத்தினால் எழுப்ப முடியாது. கையில் ஊசி இருந்தால் ஆள் நடக்கலாம், குனியலாம். ஊசி உள்ளே இருக்கும்போதே நாரியை அசைக்கச் சொல்வதுதான் அதில் முக்கியம். பிடிப்பு இளகிய பிறகு மற்ற இடங்களுக்குப் போகலாம். அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

சரி, புள்ளி எந்த இடம் என்று எப்படி அளக்கிறது? அளவுகோல் நோயாளியின் கைதான், என்னுடையது அல்ல. அவருடைய பெருவிரலின் மொளி அகலம் ஒரு சுன். நாலு விரலையும் சேர்த்து வைத்தால் மூன்று சுன். நெடிய ஆளுக்கும் சின்னப் பிள்ளைக்கும் கணக்கு ஒன்றுதான், அளக்கிற விரல் மாறும். நாரியில் வைக்கும்போது இரண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் கையை வைத்து, பெருவிரல்களை நடுவில் சந்திக்க விட்டால், கிட்டத்தட்ட நாலாவது நாரிமுள்ளில் வந்து நிற்கும். அங்கிருந்து எண்ணி மேலே போகலாம், கீழே வரலாம். முள்ளில் இருந்து ஒன்றரைச் சுன் விலத்தினால் சிறுநீர்ப்பைப் பாதை.

ஆனால் அளவு வீட்டு இலக்கம் மாதிரி, படலை எங்கே என்று விரல்தான் தேட வேண்டும். நான் அளந்த இடத்தைச் சுற்றி மெல்ல அமத்திக்கொண்டு போவேன். ஒரு இடத்தில் தசை கயிறு மாதிரி உருளும், அல்லது குழிவாகப் போகும், அல்லது அமத்தியவுடன் ஆள் முகம் சுளித்து "அதுதான், அதுதான்" என்பார். அதில்தான் வைப்பேன், அளவு அரைவிரல் அங்காலே சொன்னாலும். ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவோ என்ற சீன வைத்தியரே, அமத்தி நோகிற இடத்தையும் புள்ளியாக எடுக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இடம் பிடிபட்டதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஊசி தோலைக் கடக்கும்போது சுருக்கென்று இருக்கும். ஆழம் போய் மெல்லத் திருப்பும்போது அது மாறிப் பாரமாக, உளைவாக, சில பேருக்குக் கால்வரை ஓடுகிற மாதிரி வரும். ஊசியைப் பிடித்திருக்கிற என் விரலுக்கும் தசை இறுக்கிப் பிடிப்பது தெரியும். அது வராவிட்டால் கொஞ்சம் வெளியே எடுத்துக் கோணத்தை மாற்றுவேன். மின்சாரம் அடித்த மாதிரி வெட்டினால் நரம்பில் முட்டியிருக்கிறது, உடனே பின்வாங்க வேண்டும்.

பாதத்தில் வைக்காததற்குக் காரணம், நீங்களே எழுதிய சீனி வருத்தம் என்று நினைக்கிறேன். விறைத்த பாதத்தில் சின்னக் காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாது. அந்தப் பாதத்தோடு திரும்பவும் சேற்று வயலுக்குள் இறங்குவார். நானும் வைக்க மாட்டேன். எங்கே வைக்கக்கூடாது என்பதும் இடம் தெரிவதில் ஒரு பாதி. பிள்ளைத்தாச்சிகளுக்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் புள்ளியையும், உள்கணுக்காலுக்கு மேலே நாலு விரலில் இருப்பதையும் விட்டுவிடுவோம். தோளிலும் நெஞ்சிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் துளைக்கும், அதனால் அங்கே சரித்து, மேலோட்டமாக. ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போடுகிறவரிடம் இன்னும் கவனம் வேண்டும்.

வன்னியில் இன்னும் இரண்டு கேள்வி கேட்காமல் நான் ஊசியை உறையில் இருந்து எடுப்பதில்லை. ஒன்று, "உடம்பில பீஸ் இருக்கோ?" யுத்தத்தில் பட்ட செல் துண்டு இருக்கிற ஆட்கள் இங்கே எத்தனை பேர். தழும்பைத் தடவிப் பார்த்து, எக்ஸ்றே இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த இடத்தை விலத்துவேன். அங்கே கரன்ட் வைக்கிற மெஷினும் பூட்ட மாட்டேன். மற்றது, "காய்ச்சல் இருந்ததோ?" வயலுக்குள் நிற்கிறவருக்குக் காய்ச்சலோடு நாரியும் கெண்டைக்காலும் உளைந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அப்போது எந்தப் புள்ளியும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவேன்.

ரகசியப் புள்ளி என்று ஒன்றும் இல்லை, பிள்ளை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் 361 புள்ளிகளுக்கும் இடம் குறித்துப் புத்தகமே போட்டுவிட்டது. யாரும் வாங்கிப் பார்க்கலாம்.

பதில்: கிளிநொச்சி தாதி

தங்கச்சி, ஐயா எழுதியதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் ஒரு தாதியாக இதைச் சொல்லாமல் போக முடியாது. நாரி நோவோடு சலம் கட்டுப்படாமல் போனால், அல்லது சலம் போகாமல் அடைத்தால், மலவாசலையும் தொடையிடுக்கையும் சுற்றி விறைத்தால், பாதத்தை மேலே தூக்க முடியாமல் இழுபட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். முள்ளந்தண்டில் நரம்புகள் நெரிபடுகிற அடையாளம் அது. நேரம் போனால் திரும்பாது.

அப்புறம் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஜெர்மனியில் நாரி நோ உள்ள 1162 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு முறையான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பகுதியினருக்குப் புள்ளி இல்லாத இடங்களில், ஆழம் இல்லாமல், திருப்பாமல் ஊசி. மூன்றாவது பகுதியினருக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறையான ஊசியில் 47.6 வீதம் பேருக்குச் சுகம், புள்ளி இல்லாத இடத்து ஊசியில் 44.2 வீதம், வழக்கமான வைத்தியத்தில் 27.4 வீதம். ஊசி உதவுகிறது, சரி. ஆனால் இடம் அவ்வளவு முக்கியம் என்றால் முதல் இரண்டும் இப்படிக் கிட்டக் கிட்ட வருமா?

பதில்: ஒட்டுசுட்டான் தம்பி

ஐயா, என் அண்ணாவுக்கு இடதுகாலை முழங்காலுக்கு மேலால் எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் எரிகிறது, பெருவிரலை யாரோ முறுக்குகிறார்கள் என்று இரவில் எழும்பி இருப்பார். கால் இல்லாதவருக்கு நீங்கள் எந்த இடத்தில் ஊசி வைப்பீர்கள்? கேட்பது பிழை என்றால் மன்னிக்கவும்.

பதில்: மல்லாவி ஊசி வைத்தியர்

தாதித் தங்கச்சியின் கேள்வி நியாயமானது. அந்த ஆய்வை நானும் வாசித்திருக்கிறேன், அந்த எண்கள் சரிதான். தோலில் எங்கே குத்தினாலும் நரம்பு மண்டலம் சும்மா இருக்காது, நோவைக் குறைக்க உடம்பு தன் வேலையைத் தொடங்கும். ஒருவர் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கதைத்து, கை வைத்துப் பார்ப்பதும் சேர்ந்து வேலை செய்யும். அதனால் மில்லிமீட்டர் பிசகினால் வைத்தியம் பலிக்காது என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. நிபுணர்களுக்குள்ளேயே இழுபறி உண்டு. அந்த 2008 புத்தகத்துக்காகச் சீனா, ஜப்பான், கொரியா ஆட்கள் கூடி இருந்து கதைத்தும் ஆறு புள்ளிகளுக்கு ஒரே இடம் முடிவாகவில்லை. அதில் ஒன்று உங்கள் அப்பாவின் பிட்டத்தில் வைத்த ஜீ.பி. 30, பிள்ளை. தொடையெலும்பின் மேற்குமிழில் இருந்து வாலெலும்புப் பக்கம் கோடு கீறி, வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே குமிழில் இருந்து முன் இடுப்பெலும்புக்குக் கோடு கீறுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் முதலாவதை எடுத்து, அமத்திப் பார்த்து முடிவு செய்வேன்.

அப்படியானால் ஏன் இவ்வளவு பாடு? முதலாவது, ஆபத்தில்லாமல் வைக்க இடம் தெரிந்தே ஆக வேண்டும். நாடி எங்கே, நரம்பு எங்கே, நுரையீரல் எவ்வளவு கிட்ட என்று தெரியாதவர் கையில் ஊசி இருக்கக்கூடாது. இரண்டாவது, ஒருவரின் நோவை அவர் கீறிக் காட்டிய கோட்டோடு விரலால் தேடிப் போகும்போதுதான் மற்றதெல்லாம் தெரியவரும். கால் தசை மெலிந்திருக்கிறதா, ஒரு பக்கம் குளிர்ந்திருக்கிறதா, பாதத்தைத் தூக்குகிற பலம் குறைந்திருக்கிறதா. தங்கச்சி, நீங்கள் எழுதிய அடையாளங்களை அப்படித்தான் நான் கண்டு, ஆட்களைக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் நோ இறங்கிய வெளிப்பக்கக் கோட்டையே உங்கள் டொக்டர்மார் ஐந்தாவது நாரி நரம்பின் கோடு என்பார்கள். பெயர் வேறாக இருந்தாலும் அமத்திப் பார்க்கிற கால் ஒன்றுதானே.

தம்பி, இதில் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. இந்த மண்ணில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. இல்லாத காலின் நோ பொய் நோ அல்ல, அந்தக் கால் இன்னும் மூளையில் இருக்கிறது. இப்படி வருகிறவருக்கு நான் இருக்கிற காலில் வைக்கிறேன். "பெருவிரலை முறுக்குது" என்று அண்ணா சொன்னால், வலது பெருவிரலடியில் அதே இடம். "கெண்டைக்கால் இழுக்குது" என்றால் வலது கெண்டையின் நடுவில். அண்ணாவைக் கண்ணை மூடச் சொல்லி, இல்லாத கால் எப்படிக் கிடக்கிறது, நீட்டியா மடங்கியா என்று கேட்பேன். வலது காலையும் அப்படியே வைத்துத்தான் ஊசி. அதோடு நாரியில் இல்லாத காலுக்குரிய நரம்பு வெளியே வருகிற உயரத்தில், முள்ளில் இருந்து அரைச் சுன் விலத்தி. காதிலும் வைப்பதுண்டு. பிரான்சில் போல் நோஜியே என்ற டொக்டர் 1950களில் முழு உடம்பையும் காதில் தலைகீழாகப் படம் போட்டுக் காட்டினார். அதை வைத்து அமெரிக்க விமானப்படை டொக்டர் ரிச்சர்ட் நீம்சோ 2001இல் காதில் ஐந்து புள்ளிகளை மட்டும் எடுத்து, காயப்பட்ட படையினரின் நோவுக்கு ஒரு முறை செய்தார். மொட்டைக்காலின் நுனியில் நான் குத்துவதில்லை. அங்கே நரம்பு முடிச்சு இருந்தால் தொட்டாலே உயிர் போகும்.

எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். சில பேர் நித்திரை கொள்ளத் தொடங்குகிறார்கள், சில பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. டொக்டர் தந்த நரம்புக் குளிசையை நிற்பாட்ட வேண்டாம். கண்ணாடி முன்னால் இருந்து இருக்கிற காலை அசைக்கிற பயிற்சியும் உண்டு, செயற்கைக்கால் பூட்டுகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

பதில்: முள்ளியவளை, கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிறேன்

ஐயா சொன்ன விரல் அளவைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் வர்மத்திலும், அதாவது சித்த வைத்தியம் சொல்கிற உயிர்நிலைப் புள்ளிகளிலும், இடத்தை விரற்கடையால்தான் அளக்கிறோம், அதுவும் நோயாளியின் விரலால். எண்சாண் உடம்பு என்பதே அவரவர் கைச்சாண்தானே. வர்மம் 108 என்று பொதுவாகச் சொல்லுவோம், அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, தொடுவர்மம் 96. சில இடங்கள் சீனப் புள்ளிகளோடு கிட்ட வருகின்றன. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடக்கூடாது. வர்மத்தில் ஊசி இல்லை, விரலின் அழுத்தமும், மாத்திரை என்கிற அந்த அழுத்தத்தின் அளவும்தான், அதிலும் சில இடங்கள் தட்டவே கூடாதவை. வர்மம் தெரியும் என்று சொல்லி ஊசி குத்துகிறவரிடமும், அக்குபங்சர் படித்துவிட்டுப் படுவர்மத்தில் அமத்துகிறவரிடமும் கவனமாக இருங்கள்.

பதில்: விசுவமடு மகள்

எல்லோருக்கும் நன்றி. ஐயா, அப்பாவைக் கீறிக் காட்டச் சொன்னேன், நீங்கள் சொன்ன வெளிப்பக்கக் கோடுதான். மாமியைக் கேட்டேன், அவவுக்குப் பின்தொடையால் கெண்டைவரை. பாதத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தூக்குகிறார். சலத்திலும் பிரச்சினை இல்லை.

இன்னொன்று மட்டும். நாரியில் வைத்த ஒரு புள்ளியை வைத்தியர் அட்டையில் "சிறுநீரகம்" என்று எழுதியிருக்கிறார். அப்பா அதைப் பார்த்துப் பயந்துபோனார். இங்கே கிட்னி வருத்தம் வந்து டயலிசிஸ் செய்கிற ஆட்களைத் தெரியும்தானே. தனக்கும் கிட்னி பழுதோ, அதற்குத்தான் ஊசியோ என்று கேட்கிறார்.

பதில்: மல்லாவி ஊசி வைத்தியர்

பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பி.எல். 23, இரண்டாவது நாரிமுள்ளுக்குக் கீழே, ஒன்றரைச் சுன் விலத்தி இருக்கிறது. சீன வைத்தியத்தில் அதன் பெயர் அப்படி. நாரி நோவுக்கு ஊசி வைக்கிற எல்லோரும் எடுக்கிற புள்ளி அது. கிட்னி பழுதா என்று அதை அமத்திக் கண்டுபிடிக்க முடியாது, அதில் குத்திக் கிட்னி வருத்தத்தை மாற்றவும் முடியாது. மாற்றலாம் என்று யாரும் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்குச் சீனி இல்லாமலே கிட்னி வருத்தம் வருகிறது. அப்பாவுக்குச் சீனியும் இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் ரத்தத்தில் கிரியாற்றினின், சலத்தில் அல்புமின் இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாரி நோவுக்கு என்று கடையில் வாங்குகிற டைக்குளோபெனாக் குளிசை வீட்டில் இருந்தால் அதையும் டொக்டரிடம் காட்டுங்கள். அது கிட்னிக்குக் கூடாது, கன பேர் கேட்காமல் போடுகிறார்கள்.

அப்புறம் அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது, ஒவ்வொரு ஊசியும் புது உறையில் இருந்து வருகிறதா என்று பாருங்கள். இந்த இடம் ஏன் என்று அந்த வைத்தியரையே கேளுங்கள். இந்த வேலை தெரிந்தவர் கோபிக்க மாட்டார், கையைப் பிடித்துக் காட்டியே சொல்லுவார்.